சாட்சிக் கையெழுத்து

அத்தியாயம் 14

புதன்கிழமை காலை எட்டு மணிக்கு எங்கள் ஆபீஸ் கதவில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருந்தது. பசைகூடக் காயவில்லை.

‘உயில் எழுதத் தெரியாத வக்கீல் நாட்டுக்குச் சட்டம் எழுதப் போகிறாராம்.’

பேர் போடவில்லை. போட வேண்டிய அவசியமும் இல்லை. எல்ம்ஸ்பரியில் இந்த இடைத்தேர்தலுக்கு நிற்கிற வக்கீல் ஒருவன்தான். என் தம்பி லயனல் கிரெஸ்வெல். விடிந்தால் வாக்குப்பதிவு.

அந்த நோட்டீஸை ஈரத்துணியால் தேய்த்துச் சுரண்டிக்கொண்டு நின்றவர் டிண்டல். முப்பத்தொரு வருஷமாக எங்கள் குமாஸ்தா. கோட்டில் எங்கள் கட்சியின் மஞ்சள் ரிப்பன் பூவைக் குத்தியிருந்தார்.

"உங்களுக்கு எதுக்கு டிண்டல் இந்த வேலை? கூட்டிப் பெருக்குறவ வந்தா எடுத்துட்டுப் போறா" என்றேன்.

"ஐயா வர்றதுக்குள்ள எடுத்துடணும் மிஸ் அடெலா. காலங்கார்த்தால இதைப் பார்த்தாருன்னா அப்புறம் மூணு மணிக்கு மேடையில அவருக்குப் பேச்சே வராது."

தப்பு செய்தவன் மனசு நோகக் கூடாதாம். அதற்காக அந்தத் தப்பில் அடிபட்ட மனிதர் குளிரில் துணியைப் பிழிந்துகொண்டிருக்கிறார். நான் பக்கத்தில் நின்று கையுறையைக் கழற்றிக்கொண்டிருந்தேன். என்னைப் பற்றி நல்லதாகச் சொல்ல இந்த வாரம் ஒன்றும் கிடையாது, இப்போதே சொல்லிவிடுகிறேன்.

இந்தக் கதையை நடுவில் பிடித்தவர்களுக்காக நாலு வரி. மற்றவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இதைத் திரும்பச் சொல்வதில் எனக்கும் சந்தோஷம் இல்லை.

மில் சந்தில் மிஸ் பார்ஜெட்டர் என்று ஒரு வயதானவர். கல்யாணம் ஆகாதவர். பதினோரு வருஷம் அவரைப் பார்த்துக்கொண்டது டிண்டலின் மனைவி எஸ்தர். புருஷனும் பெண்டாட்டியும் அந்த வீட்டுப் பின்கட்டில் இரண்டு அறையில்தான் குடியிருந்தார்கள். போன பிப்ரவரியில் மிஸ் பார்ஜெட்டர் உயில் எழுதினார். வீடு எஸ்தருக்கு. மீதி என்ன இருக்கிறதோ அதெல்லாம் பர்மிங்ஹாமில் மளிகைக்கடை வைத்திருக்கும் அண்ணன் மகன் வால்டருக்கு.

உயிலில் யாருக்கு எழுதியிருக்கிறதோ அவரும் சரி, அவருடைய புருஷனோ பெண்டாட்டியோ சரி, அந்த உயிலுக்குச் சாட்சிக் கையெழுத்துப் போடக் கூடாது. போட்டால் உயில் நிற்கும். அவருக்கு எழுதியது மட்டும் செல்லாமல் போய்விடும். வக்கீல் ஆபீஸ் பூனைக்குக்கூடத் தெரிந்த விதி இது.

மிஸ் பார்ஜெட்டரின் உயிலில் இரண்டு சாட்சிகள். ஒருவர் டிண்டல். இன்னொருத்தி நான். சொன்னது புரிந்ததல்லவா? எஸ்தரின் புருஷனே சாட்சி. செப்டம்பரில் கிழவி கண்ணை மூடினார். உயிலைப் பிரித்தார்கள். வீடு எஸ்தரை விட்டுப் போய், மீதியோடு சேர்ந்து வால்டருக்குப் போய்விட்டது. கிறிஸ்துமஸுக்குள் டிண்டல் குடும்பம் வெளியேற வேண்டும்.

போன வாரம் வரைக்கும் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லாமல் மென்று முழுங்கி வந்தேன். அன்றைக்கு அந்த அறையில் என்ன நடந்தது என்பதுதான் அது.

மிஸ் பார்ஜெட்டர் படுக்கையில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு தட்டு, தட்டில் உயில். எங்கள் அப்பா காலத்திலிருந்து ஆபீஸில் ஒரு வழக்கம் உண்டு. சாட்சி போடுகிறவர் கண்ணில் உயில் விஷயம் படக் கூடாது. அதனால் எழுத்தை மை உறிஞ்சும் ஒற்றுத்தாளால் மூடிவிட்டு, கையெழுத்துப் போடும் இடத்தை மட்டும் திறந்து வைப்போம். லயனல்தான் மூடினான். டிண்டல் பேனாவைக் கையில் வாங்கிக்கொண்டு, எப்போதும் எல்லாரிடமும் கேட்கிற அதே கேள்வியைக் கேட்டார்.

"யாருக்கு எழுதியிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிட்டீங்கன்னா..."

"நாலு பத்து ரயில் போயிடும் டிண்டல். போடுங்க" என்றான் லயனல், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

அன்றைக்குச் சாயந்திரம் கட்சிக்காரர்கள் வேட்பாளரைத் தேர்ந்தெடுக்கும் கூட்டம். அந்த ரயிலை விட்டால் என் தம்பிக்கு இந்தத் தேர்தலே இல்லை. டிண்டல் கையெழுத்துப் போட்டார். அவருக்குக் கீழே நான் போட்டேன்.

அந்த உயிலை டைப் அடித்தவள் யார்? நான். ‘எஸ்தர் டிண்டலுக்கு’ என்று அடித்ததும் இதே விரல்கள்தான். பக்கத்தில் நிற்கிற மனிதர் பேரும் அதுதான் என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஏனென்றால் ஆபீஸில் டிண்டல் எல்லாவற்றுக்கும் சாட்சி போடுவார். விளக்கு ஏற்றுவது மாதிரி, கதவைப் பூட்டுவது மாதிரி. அவருக்கு ஒரு பெண்டாட்டி இருக்கிறாள், அவளுக்கு யாராவது எதையாவது எழுதி வைப்பார்கள் என்று எங்கள் இரண்டு பேர் புத்தியிலும் படவில்லை. இதைவிடக் கேவலமாக ஒரு மனிதரை நினைக்க முடியுமா என்று தெரியவில்லை.

சரி, புதன்கிழமைக்கு வருகிறேன்.

கதவைத் துடைத்து முடித்ததும் டிண்டல் உள்ளே வந்து, அலமாரியிலிருந்து ஆபீஸ் நாட்குறிப்பை எடுத்தார். தினமும் யார் வீட்டுக்குப் போனோம், எத்தனை மணி வரை இருந்தோம் என்று லயனல் அவன் கையால் எழுதி வைக்கிற தடித்த புத்தகம் அது.

"இதை உங்க பையில வச்சுக்கங்க" என்றார். "பிப்ரவரி இருபதாம் தேதிப் பக்கம் இருக்கு. தேர்தல் முடியற வரைக்கும் யார் கண்ணுலயும் பட வேண்டாம்."

பிரித்துப் பார்த்தேன். தம்பியின் சாய்ந்த எழுத்து. ‘மிஸ் பார்ஜெட்டர் வீடு. உயில் கையெழுத்து. கடைசி வரை உடனிருந்தேன். பிறகு 4.10 ரயில்.’

"நீங்களே எழுதி வாங்கிட்டீங்கன்னு ஊர்ல பேசறாங்களே. இதைக் காட்டினா உங்க பேர் சுத்தமாயிடுமே டிண்டல்?"

"பேர் சுத்தமாகி என்ன பண்றது? வீடு திரும்பி வரப் போறதில்ல. ஐயாவாவது ஜெயிக்கட்டும். குடியிருக்கிறவங்களைத் துரத்தக் கூடாதுன்னு சட்டம் கொண்டு வர்றேங்கிறார். எங்களுக்கு இல்லாட்டியும் வேற யாருக்காவது ஆகும்."

வீடு திரும்பி வராது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். எனக்குத் தெரியும், வரும்.

பன்னிரண்டு நாளைக்கு முன் பர்மிங்ஹாமிலிருந்து வால்டர் பார்ஜெட்டர் லயனலுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். தபாலைப் பிரிக்கிறவள் நான். ‘என் அத்தை மனசார எஸ்தருக்குத்தான் கொடுத்தார் என்றால், வக்கீலின் கவனக்குறைவால் கை மாறிய வீடு எனக்கு வேண்டாம். நானே எஸ்தர் பேருக்கு எழுதித் தருகிறேன். ஆனால் குமாஸ்தாவே உயிலை நடத்தி வைத்துக் கையெழுத்து வாங்கியிருந்தால், அதன் அர்த்தம் வேறு. கையெழுத்து நடந்தபோது நீங்கள் அறையில் இருந்தீர்களா, இல்லையா? தேர்தலுக்கு மறுநாள் வெள்ளிக்கிழமை நேரில் வருகிறேன். பதில் வேண்டும்.’

படித்தேன், லயனலிடம் கொடுத்தேன். அவன் படித்துவிட்டு மேஜை இழுப்பறைக்குள் வைத்தான். டிண்டலிடம் நாங்கள் சொல்லவில்லை. தேர்தல் முடியட்டும் என்றான் அவன். சரி என்றேன் நான்.

நாட்குறிப்பைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

பகல் சாப்பாட்டுக்கு வீட்டுக்குப் போனபோது, லயனல் ஆட்டுக்கறித் தட்டைத் தொடாமல் உட்கார்ந்திருந்தான். அவன் மனைவி மர்யல் அவன் கோட்டுக்குப் புது மஞ்சள் பூ தைத்துக்கொண்டிருந்தாள்.

"நோட்டீஸைப் பார்த்தியா அக்கா?"

"ஆபீஸ் கதவுல ஒட்டினதை டிண்டல் கிழிச்சுட்டார்."

"ஊரு பூரா ஒட்டியிருக்கான் ஹெப்வொர்த். மீன் கடை வாசல்லகூட இருக்கு." எதிர்த்து நிற்கிற தோல் ஆலை முதலாளிதான் ஹெப்வொர்த். "இன்னைக்குக் கூட்டத்துல கேள்வி வரும். நிச்சயம் வரும்."

"வந்தா உண்மையைச் சொல்லேன்."

மர்யல் நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள்.

"உண்மையைச் சொன்னா நாளைக்கு யார் ஓட்டுப் போடுவா அண்ணி? டிண்டல் வீட்டுல ரெண்டே பேர். இவர் ஜெயிச்சா இந்த ஜில்லாவுல ரெண்டாயிரம் குடும்பத்துக்கு நல்லது நடக்கும். நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்க."

இந்த மாதிரிக் கணக்கில் யாரும் என்னைத் தோற்கடிக்க முடியாது. பன்னிரண்டு நாளாக அதே கணக்கைத்தான் படுக்கையில் போட்டுக்கொண்டிருந்தேன்.

லயனல் சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வைத்தான். நான் சொல்வது மாதிரி அவனே எழுதியிருந்தான். ‘உயிலில் கையெழுத்து நடந்த நேரத்தில் என் தம்பி அந்த வீட்டில் இல்லை. ரயிலுக்குக் கிளம்பிவிட்டார். கையெழுத்தை நடத்தி வைத்தது குமாஸ்தா டிண்டல். இது உண்மை.’ கீழே இடம் காலியாக இருந்தது.

"இன்னொரு சாட்சி நீதானே அக்கா. நீ சொன்னா ஊர் நம்பும்."

"டேய் லயனல், அந்த மனுஷன் உன்கிட்ட கேட்டாரு. யாருக்கு எழுதியிருக்குன்னு கேட்டாரு. நீ காது கொடுத்துக் கேக்கல."

"தெரியும்."

"அவரை நீ திருடன் ஆக்கற. வால்டர் என்ன எழுதியிருந்தார்னு மறந்துட்டியா? குமாஸ்தா நடத்தி வச்சிருந்தா அர்த்தம் வேறன்னு எழுதியிருந்தார்."

"தெரியும்னு சொன்னேன்ல." அவன் தட்டைத் தள்ளி வைத்தான். "தினமும் அவர் முகத்தைப் பார்க்கறேன். என் குடையை அவர்தான் பிடிச்சுக்கிட்டு வர்றாரு. எனக்கு வெட்கம் இல்லைன்னு நினைக்கிறியா? ஜெயிச்சதும் சரி பண்ணிடறேன் அக்கா. என் சொந்தக் காசுல அவங்களுக்கு வேற வீடு பார்த்துத் தரேன். இந்த ஒரு நாள். ஒரே ஒரு நாள் எனக்குக் கொடு."

சின்ன வயசில் கண்ணாடியை உடைத்துவிட்டு இதே மாதிரிதான் என்னிடம் வந்து நிற்பான். நான்தான் உடைத்தேன் என்று அப்பாவிடம் சொல்லுவேன். பழக்கம் விடுமா? பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டேன். நாட்குறிப்பு என் காலடியில் பைக்குள் இருந்தது. அது இருந்தும் போட்டேன். ஒரு எழுத்துகூடக் கோணவில்லை என்பதைத்தான் என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.

புதன் சந்தை நாள். மூன்று மணிக்குத் தானியச் சந்தை மண்டபத்தில் நிற்க இடம் இல்லை. மாடு விற்க வந்த குடியானவர்கள் பூட்ஸில் சேறோடு அப்படியே வந்துவிட்டார்கள். பாதிப் பேர் மஞ்சள், பாதிப் பேர் ஹெப்வொர்த்தின் நீலம். நான் மேடைக்குக் கீழே பக்கவாட்டில் உட்கார்ந்தேன். நாலாவது வரிசையில் டிண்டலும் எஸ்தரும். எஸ்தர் ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு வந்திருந்தாள். என்னைப் பார்த்துத் தலையசைத்தாள்.

லயனல் நன்றாகத்தான் பேசினான். வேலை போனால் வீடும் போகிறதே என்று பண்ணைத் தொழிலாளிகளைப் பற்றிப் பேசினான். "சாமானை வண்டியில ஏத்திக்கிட்டு, குழந்தையைக் கையில பிடிச்சுக்கிட்டு ரோட்டுல நிக்கிற குடும்பத்தை நான் பார்த்திருக்கேன்" என்றபோது மண்டபம் அமைதியாகிவிட்டது. எனக்கு எஸ்தர் பக்கம் திரும்பத் தைரியம் இல்லை.

எங்கள் ஊரில் கேள்விகளைச் சீட்டில் எழுதித் தலைவரிடம் அனுப்ப வேண்டும். தலைவர் மேஜர் விதர்ஸ், காது மந்தம். மூன்றாவது சீட்டை உரக்கப் படித்தார்.

"மிஸ் பார்ஜெட்டர் உயிலில் கையெழுத்து நடந்தபோது வேட்பாளர் எங்கே இருந்தார்?"

பின்னாலிருந்து ஒருவன், "ரயில்லயா, ரூம்லயா?" என்றான். நீலக்காரர்கள் சிரித்தார்கள்.

லயனலின் கை கோட்டுப் பைக்குப் போனது. என் தாள் அங்கே இருந்தது. அவன் கை வெளியே வருவதற்குள் நாலாவது வரிசையில் டிண்டல் எழுந்து நின்றார்.

"தலைவர் ஐயா, நான் பேசலாமா? அந்த ரூமுல இருந்தவன் நான்."

"சத்தமாப் பேசுங்க" என்றார் மேஜர்.

டிண்டல் சத்தமாகப் பேசிப் பழக்கம் இல்லாதவர். தொப்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார். "கிரெஸ்வெல் ஐயா அப்ப அங்க இல்ல. ரயிலுக்குக் கிளம்பிட்டாரு. எல்லாம் நான்தான் பார்த்துக்கிட்டேன். யார் சாட்சி போடலாம், போடக் கூடாதுன்னு முப்பத்தொரு வருஷமா மத்தவங்களுக்குச் சொல்லிக் கொடுத்தவன் நான். என் விஷயத்துல மறந்துட்டேன். தப்பு என்னோடது. ஐயாவோடது இல்ல."

"பொண்டாட்டி பேருக்கு வீட்டை எழுதி வாங்கறப்போ மறந்துட்டாராம்" என்று அதே பின்வரிசைக் குரல்.

இந்தத் தடவை மஞ்சள்காரர்களும் சிரித்தார்கள். டிண்டலின் காது மடல் வரை சிவந்துபோனது. உட்காராமல் அப்படியே நின்றார். எஸ்தர் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அவள் அன்றைக்குக் கீழே சமையலறையில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்தவள். நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து மாடிப்படி இறங்கியதைப் பார்த்தவள். லயனலுக்குக் கோட்டை எடுத்துக் கொடுத்ததே அவள்தான். இப்போது அவள் பார்வை டிண்டலை விட்டு நகர்ந்து என்னிடம் வந்து நின்றது. நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

லயனலின் கை தாள் இல்லாமல் பைக்கு வெளியே வந்தது. இப்போது சொல்லிவிடுவான் என்று நினைத்தேன். சத்தியமாக நினைத்தேன்.

"இவரை வேலையை விட்டு அனுப்புன்னு எனக்கு யோசனை சொன்னவங்க உண்டு" என்று ஆரம்பித்தான். "அனுப்ப மாட்டேன். மனுஷன்னா தப்பு பண்ணுவான். கூட இருக்கிறவனை மன்னிக்கத் தெரியாதவன் பார்லிமென்ட்டுக்குப் போய் என்ன பண்ணப் போறான்?"

கைதட்டல் கூரையைத் தொட்டது. டிண்டலும் தட்டினார். தொப்பியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தட்டினார்.

மேடையை விட்டு இறங்கும்போது லயனல் என் தாளை எடுத்து உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் கிரிபிளிடம் கொடுத்ததைப் பார்த்தேன். வாக்குப்பதிவு அன்று காலை வீட்டுக்கு வீடு போகிற இதழ் அது. சாயந்திரம் ஆறு மணிக்கு அச்சேறும்.

மண்டபத்துக்குப் பின்னால், மாடுகளைக் கட்டுகிற கம்பி வேலி ஓரத்தில் எஸ்தர் எனக்காகக் காத்திருந்தாள். டிண்டலைக் காணோம். நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாராம்.

"உங்களை ஒண்ணு கேக்கணும் மிஸ் அடெலா."

"கேளு எஸ்தர்."

"உக்காந்ததும் அவர் என்கிட்ட என்ன கேட்டார் தெரியுமா? ‘சரியாச் சொன்னேனா’ன்னு கேட்டார். இந்த முப்பது வருஷத்துல அவர் ஒரு பொய் சொல்லி நான் பார்த்ததில்ல. எப்படிச் சொல்றதுன்னுகூடத் தெரியல அவருக்கு. நீங்க பக்கத்துலதான உக்காந்திருந்தீங்க? ஏன் எழுந்திருக்கல?"

வால்டரின் கடிதத்தைப் பற்றிச் சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். வீடு கிடைத்திருக்கும், அறையில் லயனல் இருந்தான் என்ற ஒரு வரி போதும் என்று சொன்னேன்.

அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன்.

"எப்ப வந்துச்சு அந்தக் கடிதாசி?"

"பன்னெண்டு நாள் ஆச்சு."

"பன்னெண்டு நாள்" என்றாள். "பன்னெண்டு நாளா அவர் உங்க தம்பிக்கு நோட்டீஸ் ஒட்டினாரு. நேத்து மழையில நனைஞ்சு, ராத்திரி இருமிக்கிட்டே படுத்தாரு. நான் நெஞ்சுக்குத் தைலம் தேய்ச்சு விட்டேன்."

பையைத் திறந்து நாட்குறிப்பை எடுத்து நீட்டினேன். "இதுல லயனல் கையாலயே எழுதியிருக்கு. எடுத்துட்டுப் போ. வெள்ளிக்கிழமை வால்டர் வந்ததும் காட்டு."

எஸ்தர் அந்தப் பக்கத்தைப் படித்தாள். மூடி, என் கையிலேயே திருப்பிக் கொடுத்தாள்.

"இதை நான் காட்டினா என் புருஷன் நானூறு பேர் முன்னால பொய் சொன்னவர்னு ஆகும். அப்புறம் எந்த வார்த்தையை நம்புவாங்க? காலையில இது உங்க கையில இருந்தப்பவே பேசியிருக்கணும். இப்ப என்னாலயும் முடியாது, அவராலயும் முடியாது." தொப்பியின் நாடாவைச் சரி செய்துகொண்டாள். "நீங்க ஏதும் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தீங்களா?"

"போட்டேன்."

"அப்ப அதை நீங்கதான் போய்த் திருப்பி வாங்கணும்."

சொல்லிவிட்டு நாற்காலி அடுக்கப் போனாள்.

பத்திரிகை ஆபீஸ் சந்தைச் சதுக்கத்துக்கு எதிர்ப்புறம். நான் போகும்போது மணி ஐந்தரை. உள்ளே இயந்திரத்தைச் சூடு பண்ணிக்கொண்டிருந்தார்கள். கவுண்டரில் கிரிபிள், மூக்கில் மை.

"விளம்பரமா மிஸ் கிரெஸ்வெல்? இடம் இல்லையே."

"இல்ல, திருத்தம். கூட்டம் முடிஞ்சதும் என் தம்பி கொடுத்த தாளை எடுத்துட்டு இதைப் போடுங்க."

அங்கேயே நின்று எழுதினேன். இருபது வருஷம் மற்றவர்களுக்காக எவ்வளவோ எழுதியவள்தான். எனக்காக எழுதுவது இதுதான் முதல் தடவை. ‘கையெழுத்து நடந்தபோது என் தம்பி லயனல் கிரெஸ்வெல் கடைசி வரை அறையில் இருந்தான். யாருக்கு எழுதியிருக்கிறது என்று டிண்டல் கேட்டார். பதில் சொல்லாமல் போடச் சொன்னது என் தம்பி. உயிலை அடித்த எனக்கு யாருக்கு எழுதியிருக்கிறது என்று தெரியும், நான் வாயைத் திறக்கவில்லை. மண்டபத்தில் டிண்டல் சொன்னது எங்களைக் காப்பாற்றச் சொன்னது. இன்று மதியம் நான் கொடுத்த வாக்குமூலம் பொய்.’ நாட்குறிப்பைப் பிரித்துப் பக்கத்தில் வைத்தேன்.

கிரிபிள் இரண்டு தடவை படித்தார். மூக்கைத் தேய்த்து இன்னும் கொஞ்சம் மை பூசிக்கொண்டார்.

"இது வந்தா உங்க தம்பி தோத்துடுவார்."

"தெரியும்."

"நீங்க ஒருத்தர் சொன்னதை மட்டும் வச்சு நான் போட முடியாது. நாளைக்கு வழக்குப் போட்டார்னா கடையை மூடணும். அந்த ரூமுல இருந்த இன்னொருத்தர் கையெழுத்து வேணும்."

அந்த அறையில் இருந்தவர்களில் உயிரோடு இருப்பது மூன்று பேர். டிண்டல் போட மாட்டார். மூன்றாவது ஆளின் பேரைச் சொன்னேன். கிரிபிள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு டெலிபோனைச் சுழற்றினார்.

லயனல் தனியாகத்தான் வந்தான். சதுக்கத்தைக் குறுக்கே ஓடி வந்திருக்க வேண்டும், மூச்சிரைத்தது. தலையில் தொப்பி இல்லை. மர்யல் தைத்த பூ கோட்டில் சாய்ந்து தொங்கியது.

"என்ன அக்கா? என்ன ஆச்சு? கிரிபிள் கூப்பிட்டு எதுக்கோ கையெழுத்து வேணும்னார்."

கவுண்டர் மேலே கிரிபிளின் ஒற்றுத்தாள் கிடந்தது. எடுத்து, நான் எழுதியதன் மேல் வைத்து மூடினேன். கீழே என் கையெழுத்தும், அதற்கடியில் காலி இடமும் மட்டும் தெரிந்தன. தாளை அவன் பக்கம் தள்ளி, பேனாவை நீட்டினேன்.

"போடு லயனல்."

"என்ன எழுதியிருக்கு?"

"ரயில் போயிடும்" என்றேன். "போடு."

அவன் முகத்திலிருந்து ரத்தம் இறங்கியதைப் பார்த்தேன். புரிந்துகொண்டான். வக்கீல் அல்லவா. கிரிபிள் ஒன்றும் புரியாமல் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஆறுக்குப் பத்து நிமிஷம் இருந்தது.

பேனா என் கையிலேயே இருந்தது. அவன் அதை வாங்கவில்லை. ஒற்றுத்தாளின் ஓரத்தை ஒரு விரலால் மெல்லத் தூக்கி, முதல் வரியிலிருந்து படிக்க ஆரம்பித்தான்.